ஆசிரியர் யார்? ஆண்டு எது?

அமெரிக்கக் காப்புரிமை எண் 6,285,999. ஓர் இணையப் பக்கத்தை வேறு எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அப்படிச் சுட்டும் பக்கங்களுக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்று கணக்குப் போட்டு, தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறைக்குக் கிடைத்த பேடன்ட் அது. பேஜ்ரேங்க் என்று சொன்னால் பலருக்கும் புரியும். கூகுள் நிறுவனத்துக்கு அடித்தளம் போட்ட முறை இதுதான். ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டும் வழக்கத்திலிருந்து கிளைத்த யோசனை என்பதால், அதிகம் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைக்கு மதிப்பு அதிகம் என்ற கருத்தை அந்த ஆவணமே தன் முன்னுரைப் பகுதியில் பேசுகிறது.

மேற்கோள்களைப் பார்த்துப் பிறந்த இந்தக் கண்டுபிடிப்பை மேற்கோள் காட்டும்போதுதான் எத்தனை குளறுபடி! ஆசிரியர் ‘கூகுள்’ என்று எழுதுபவர்கள் உண்டு. ஆண்டு 1998 என்று போடுபவர்கள் உண்டு. பதிப்பகம் ‘கூகுள் பேடன்ட்ஸ்’ என்று அச்சேறிய பட்டியல்களுக்கோ கணக்கில்லை.

ஆவணத்தின் முதல் பக்கம் சொல்வது வேறு. கண்டுபிடித்தவர் லாரன்ஸ் பேஜ், அவர் ஒருவர் மட்டும். உரிமை பெற்றிருப்பது கூகுள் அல்ல, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம். பேஜ் அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது உருவாக்கியது அது. அந்த உரிமையைக் கூகுளுக்குக் கொடுத்ததற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் பங்குகளைப் பெற்றுக்கொண்டது; 2005-இல் அவற்றை விற்றபோது கிடைத்தது 33.6 கோடி டாலர். தேதிகளுக்கு வந்தால், விண்ணப்பித்தது 1998 ஜனவரி 9. வழங்கப்பட்டது 2001 செப்டம்பர் 4. அதற்கெல்லாம் முன்பே, 1997 ஜனவரி 10 அன்று ஒரு தற்காலிக விண்ணப்பமும் போடப்பட்டிருக்கிறது. ஒரே ஆவணத்துக்கு மூன்று தேதிகள், மூன்றும் உண்மை. ஆய்வேட்டின் துணைநூற் பட்டியலில் வர வேண்டிய ஆண்டு 2001. இந்த யோசனையை முதலில் சொன்னது யார் என்ற கேள்வி எழுந்தால் பேச வேண்டிய ஆண்டு 1997.

இவ்வளவையும் கவனித்துச் சரியாக எழுத ஒரு மென்பொருளால் முடியுமா? பாதி முடியும். மீதிப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

ஆய்வேடு எழுதுபவர்களுக்கு ரெஃபரன்ஸ் மேனேஜர் என்ற வகை மென்பொருள் இன்று கை கால் மாதிரி. ஜோட்டேரோ, மெண்டலி, எண்ட்நோட் ஆகியவை பெயர் பெற்றவை. படித்த கட்டுரைகளின் விவரங்களைச் சேர்த்து வைத்து, எழுதும்போது வேண்டிய இடத்தில் செருகி, கடைசியில் பட்டியலையும் தானே போட்டுக் கொடுத்துவிடும். ஏபிஏ பாணியில் போட்ட பட்டியலை ஐஇஇஇ பாணிக்கு மாற்றச் சொன்னால் நொடியில் மாற்றும். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவான ஜோட்டேரோ இலவசமாகவே கிடைக்கிறது. செலவு செய்ய வழியில்லாத மாணவர்களுக்கு அதையே தயங்காமல் சொல்லலாம். கீழே வரும் செய்முறையும் பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

ஆய்வுக் கட்டுரை என்றால் இந்த மென்பொருள்களுக்கு வேலை சுலபம். பெரும்பாலான கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாள எண் இருக்கிறது; புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன். ஜோட்டேரோவில் மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அழுத்தி அந்த எண்ணை ஒட்டினால் ஆசிரியர், தலைப்பு, இதழ், பக்கம் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும். காப்புரிமைக்குப் பொதுவாக டிஓஐ கிடையாது. பேடன்ட் எண்ணை மந்திரக்கோலில் ஒட்டினால் ஒன்றும் வராது. பிடிஎஃப் கோப்பை இழுத்துப் போட்டாலும் மென்பொருள் பெரும்பாலும் அடையாளம் கண்டுகொள்ளாது. அதனால் மாணவர்கள் குறுக்குவழி தேடுகிறார்கள்.

அந்தக் குறுக்குவழிகளில் மிகவும் புழக்கத்தில் உள்ளது கூகுள் ஸ்காலர். பேஜின் காப்புரிமையை அங்கே தேடி, பிப்டெக் வடிவத்தில் எடுத்துப் பாருங்கள். முதல் வரியிலேயே ‘மிஸ்க்’ என்று இருக்கும்; அதாவது எந்த வகையிலும் சேராத இதர ஆவணம். பதிப்பாளர் என்ற இடத்தில் கூகுள் பேடன்ட்ஸ். பேடன்ட் எண், அதற்குரிய இடத்தில் இல்லாமல், ‘நோட்’ என்ற குறிப்புப் பகுதியில் கிடக்கும். உரிமை பெற்ற ஸ்டான்ஃபோர்டின் பெயரே இருக்காது. கூகுள் பேடன்ட்ஸ் என்பது 2006 டிசம்பரில் தொடங்கப்பட்ட தேடல் சேவை, அவ்வளவுதான். அதைப் பதிப்பாளராகப் போடுவது, கன்னிமாரா நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகத்துக்குக் கன்னிமாராவையே பதிப்பகமாகப் போடுவது போன்றது. காப்புரிமையை வெளியிடுவது அரசின் காப்புரிமை அலுவலகம். அமெரிக்கா என்றால் யுஎஸ்பிடிஓ, ஐரோப்பா என்றால் இபிஓ, இந்தியா என்றால் இந்தியக் காப்புரிமை அலுவலகம்.

இதில் கூகுளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. லாடெக் பயன்படுத்துபவர்களின் பழைய பிப்டெக்கில் காப்புரிமைக்கென்று தனி வகையே கிடையாது. அதனால்தான் எல்லாம் ‘மிஸ்க்’ மூட்டைக்குள் போனது. பின்னால் வந்த பிப்லாடெக்கில் ‘பேடன்ட்’ என்ற வகை உண்டு. உரிமையாளர் பெயரைப் போட ‘ஹோல்டர்’ என்ற இடமும், எந்த நாட்டுக் காப்புரிமை, வழங்கப்பட்டதா விண்ணப்பமா என்று சொல்ல ‘டைப்’ என்ற இடமும் அதில் இருக்கின்றன. ஸ்காலரிலிருந்து எடுத்ததை அப்படியே ஒட்டாமல் இந்த வகைக்கு மாற்ற இரண்டு நிமிடம் போதும்.

ஜோட்டேரோவில் இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. உலாவியில் அதன் இணைப்பை நிறுவிவிட்டு, கூகுள் பேடன்ட்ஸில் அந்தக் காப்புரிமையின் பக்கத்தையே திறந்து, பொத்தானை அழுத்தினால், அது பேடன்ட் என்ற சரியான வகையில் சேமிக்கப்படும். கண்டுபிடித்தவர், எண், தேதிகள் எல்லாம் வந்துவிடும். வந்ததை நம்பி அப்படியே விட்டுவிடலாமா என்றால், கூடாது. உரிமையாளர் பெயர் தவறாக இருக்கலாம் என்றும், சட்ட நிலை என்று தான் காட்டுவது அனுமானமே தவிர சட்டப்படியான முடிவு அல்ல என்றும் கூகுள் பேடன்ட்ஸே தன் பக்கத்தில் எச்சரிக்கிறது.

அப்படியானால் எதை நம்புவது? ஆவணத்தின் முதல் பக்கத்தை.

காப்புரிமை ஆவணத்தின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் முன்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சின்ன எண் இருக்கும். உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போ வகுத்துக் கொடுத்த எண்முறை இது. 54 என்றால் தலைப்பு. 72 கண்டுபிடித்தவர். 71 விண்ணப்பதாரர், 73 உரிமை பெற்றவர். 22 விண்ணப்பித்த நாள், 43 விண்ணப்பம் வெளியான நாள், 45 காப்புரிமை வழங்கிய நாள், 30 முன்னுரிமை விவரம். பேஜின் ஆவணம் போன்ற பழைய அமெரிக்க ஆவணங்களில் கண்டுபிடித்தவருக்கு 75 என்று இருக்கும். கண்டுபிடித்தவரே விண்ணப்பதாரராகவும் இருந்ததைக் குறிக்கும் எண் அது. இந்த ஏழெட்டு எண்களைத் தெரிந்துகொண்டால் ஜப்பானிய மொழியோ கொரிய மொழியோ ஓர் எழுத்துக்கூடத் தெரியாதவரும், அந்நாட்டு ஆவணத்தில் பெயர் எங்கே, தேதி எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். ஜப்பானிய ஆவணத்தில் மட்டும் இன்னொரு கவனம் தேவை. 1999 வரை வெளியான அவர்களுடைய விண்ணப்ப எண்களில் ஆண்டு, பேரரசரின் ஆட்சி ஆண்டாக இருக்கும். ஹெய்செய் 5 என்றால் 1993.

அடுத்தது எண். வெறும் எண்ணை எழுதுவதால் எந்தப் பயனும் இல்லை. அமெரிக்காவில் 1836-இல் எண்முறை புதிதாகத் தொடங்கியபோது எண் 1, ஜான் ரகில்ஸ் என்ற செனட்டரின் ரயில் எஞ்சின் சக்கரங்களுக்குப் போனது. இந்தியாவில் 1856-இல் முதல் சட்டம் வந்தபோது எண் 1 விண்ணப்பம், கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டி பென்னிங் என்பவருடைய பங்கா இழுக்கும் இயந்திரம். எண் ஒன்றுதான், பொருள்கள் வேறு. ஆகவே நாட்டுக் குறியீடு, எண், அதன் வாலில் வரும் எழுத்து ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் முழு அடையாளம். பேஜின் காப்புரிமை என்றால் ‘யுஎஸ் 6285999 பி1’.

அந்த வாலை வெட்டி எறிந்துவிடுபவர்கள்தான் அதிகம். உண்மையில் மிக முக்கியமான செய்தி அதில்தான் இருக்கிறது. இன்றைய அமெரிக்க முறைப்படி ‘ஏ1’ என்றால் வெறும் விண்ணப்பம் வெளியாகியிருக்கிறது. உரிமை இன்னும் கிடைக்கவில்லை. ‘பி1’, ‘பி2’ என்றால் உரிமை வழங்கப்பட்டுவிட்டது. விண்ணப்பம் முன்பே வெளியாகியிருந்தால் பி2, இல்லையென்றால் பி1. ஐரோப்பிய அலுவலகத்தில் இதே எழுத்துகளுக்குச் சற்று வேறு கணக்கு. அங்கே பி1 என்றால் வழங்கப்பட்டது; யாராவது எதிர்ப்பு தெரிவித்து, அதன் பின் திருத்தப்பட்டால் பி2.

ஒரே அலுவலகத்திலும் காலத்தைப் பொறுத்துப் பொருள் மாறியிருக்கிறது. அமெரிக்கா இந்தக் குறியீடுகளை 2001 ஜனவரியில் மாற்றியது. அதற்கு முன் வழங்கப்பட்ட காப்புரிமைக்கு ‘ஏ’ என்றுதான் குறி. அந்தக் காலத்தில் ‘பி1’ என்பது மறுஆய்வுச் சான்றிதழைக் குறித்தது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதற்கு நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பொருளே சாட்சி: மஞ்சள்.

1995 மார்ச்சில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. எண் 5,401,504. அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுவான சிஎஸ்ஐஆர், ரகுநாத் மஷேல்கர் தலைமையில் 1996-இல் மறுஆய்வு கேட்டது. பாட்டி வைத்தியம் என்று சொன்னால் காப்புரிமை அலுவலகம் ஏற்காது. எந்த நூல், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று அச்சில் காட்ட வேண்டும். சிஎஸ்ஐஆர் அப்படி 32 ஆதாரங்களை அடுக்கியது. சம்ஸ்கிருதம், உருது, இந்தி நூல்கள் அவற்றில் இருந்தன. சில நூறாண்டைத் தாண்டியவை. 1953-இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஒரு கட்டுரையும் இருந்தது. 1997-இல் அமெரிக்க அலுவலகம் காப்புரிமையின் உரிமைக் கோரல்கள் அத்தனையையும் நிராகரித்தது. அதை உறுதிசெய்யும் மறுஆய்வுச் சான்றிதழ் 1998-இல் வெளியானது, அதே எண்ணில், பி1 என்ற வாலுடன்.

இப்போது ஒரு மாணவர் ‘யுஎஸ் 5401504’ என்று மட்டும் எழுதினால், அவர் சொல்வது 1995-இல் வழங்கப்பட்ட உரிமையையா, 1998-இல் அதை ரத்து செய்த சான்றிதழையா? இன்றைய பொருளை மனதில் வைத்துக்கொண்டு பி1 என்பதைப் படிப்பவர், உரிமை வழங்கப்பட்டது என்று முடிவுகட்டிவிடுவார். நடந்தது அதற்கு நேர்மாறானது.

வேம்பிலும் இதே நிலைதான். பூஞ்சைக்கு எதிராக வேப்பெண்ணெய்ச் சாற்றைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்க வேளாண் துறையும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 0436257, வந்தனா சிவா உள்ளிட்டோரின் எதிர்ப்பால் 2000-இல் ரத்தானது. மேல்முறையீடும் 2005-இல் தள்ளுபடியானது. ஆனால் ஆவணம் அழிந்துவிடவில்லை. தேடினால் இன்றும் கிடைக்கும். ரத்தான காப்புரிமையை மேற்கோள் காட்டக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரத்தானது என்ற செய்தியும் கூடவே வர வேண்டும். ஜோட்டேரோவின் பேடன்ட் பகுதியில் ‘லீகல் ஸ்டேட்டஸ்’ என்ற இடம் இருப்பது இதற்காகத்தான். அதை நிரப்பியும் எல்லாப் பாணிகளும் அச்சில் கொண்டுவருவதில்லை என்பதால், கட்டுரையின் வாக்கியத்திலேயே ‘பின்னர் ரத்து செய்யப்பட்ட’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பு.

மஞ்சள் வழக்கு இன்னொரு வேலையையும் செய்தது. 2001-இல் பாரம்பரிய அறிவு மின்நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி நூல்களுடன் தமிழ்ச் சித்த மருத்துவ நூல்களிலிருந்தும் மருந்து முறைகள் எடுக்கப்பட்டு, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானிய மொழிகளில், எந்த நூலிலிருந்து வந்தது என்ற விவரத்தோடு பதிவாகின. வெளிநாட்டுக் காப்புரிமைப் பரிசோதகர் சித்த மருத்துவப் பாடலைப் படிக்கப் போவதில்லை. அவருக்கு வேண்டியது அவருக்குப் புரியும் மொழியில், தேதியும் மூலமும் தெளிவான ஒரு குறிப்பு.

விண்ணப்பத்தையும் காப்புரிமையையும் குழப்புவதுதான் நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு. ‘பேடன்ட் பப்ளிஷ் ஆகிவிட்டது’ என்று கல்லூரி வாசலில் பேனர் வைக்கிறார்கள். இந்தியச் சட்டப்படி, விண்ணப்பித்த 18 மாதத்தில் எந்த விண்ணப்பமும் வழக்கமாக வெளியிடப்படும். அவசரம் என்றால் படிவம் 9 கொடுத்து முன்கூட்டியே வெளியிட வைக்கலாம். கண்டுபிடிப்பு புதியதா, உரிமை தரத் தக்கதா என்ற பரிசோதனை அதற்குப் பிறகு, அதற்கென்று தனியாகக் கோரிக்கை கொடுத்தால்தான் நடக்கும். வெளியானது என்பதற்கு, விண்ணப்பம் பொதுப் பார்வைக்கு வந்தது என்பதற்கு மேல் பொருள் இல்லை. மத்திய அரசின் கல்வி நிறுவனத் தரவரிசையில் வெளியான விண்ணப்பங்களுக்கும் இடம் இருப்பதால் இந்த ஆர்வம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனாலும் ஆய்வேட்டில் ஒரு விண்ணப்பத்தைக் காப்புரிமை என்று எழுதுவது பொய்ச் சான்று. இதில் சமரசத்துக்கு இடமில்லை.

‘உலகக் காப்புரிமை’ என்ற பேச்சும் அப்படியே. டபிள்யூஓ என்று தொடங்கும் ஆவணங்களை வெளியிடுவது வைப்போ. பல நாடுகளில் உரிமை கேட்க விரும்புபவர் பிசிடி ஒப்பந்தத்தின் கீழ் ஒரே விண்ணப்பமாகப் போடுவது அது. இந்தியா 1998 டிசம்பரில் அதில் சேர்ந்தது. வைப்போ யாருக்கும் காப்புரிமை வழங்குவதில்லை. அந்தந்த நாட்டு அலுவலகம்தான் வழங்கும். டபிள்யூஓ எண்ணுக்கு முன்னால் ‘பேடன்ட் நம்பர்’ என்று பட்டியல் அச்சிட்டால், அதை ‘சர்வதேச விண்ணப்பம்’ என்று கையால் திருத்த வேண்டும்.

இந்திய எண்களைப் படிக்கவும் கற்றுக்கொள்வது நல்லது. 2016 முதல் விண்ணப்ப எண் 12 இலக்கம். முதல் நான்கு ஆண்டு. ஐந்தாவது இலக்கம் அலுவலகம்: டெல்லி 1, மும்பை 2, கொல்கத்தா 3, சென்னை 4. ஆறாவது, விண்ணப்பத்தின் வகை. கடைசி ஆறு வரிசை எண். 201841 என்று தொடங்கினால், 2018-இல் கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகத்தில் போடப்பட்ட சாதாரண விண்ணப்பம் என்று பார்த்தவுடனே சொல்லிவிடலாம். விண்ணப்பித்தவர் தமிழ்நாட்டுக்காரர் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் அந்த அலுவலகத்தின் எல்லைக்குள்தான் வருகின்றன. 2016-க்கு முந்தைய எண்களில் நடுவில் சென்னையைக் குறிக்கும் ‘சிஎச்இ’ இருக்கும். இன்னும் பழையது என்றால் மெட்ராஸைக் குறிக்கும் ‘எம்ஏஎஸ்’. உரிமை வழங்கப்பட்டால் இதற்கெல்லாம் தொடர்பில்லாத தனி பேடன்ட் எண் ஒன்று கிடைக்கும். ஜோட்டேரோவில் ‘அப்ளிகேஷன் நம்பர்’, ‘பேடன்ட் நம்பர்’ என்று இரண்டு இடங்கள் இருப்பது இந்திய ஆவணங்களுக்கு மிகவும் தோதானது. இரண்டையும் அதனதன் இடத்தில் போட்டு வைத்தால் பின்னால் தேடுபவர் திண்டாட மாட்டார்.

பெயர்களில் வரும் சிக்கல் வேறு ரகம். கண்டுபிடித்தவர் மனிதர், உரிமை பெற்றவர் பெரும்பாலும் நிறுவனம். ‘இன்வென்டர்’ என்ற இடத்தில் நிறுவனத்தின் பெயர் ஏறிவிட்டால், உழைத்தவர் பெயர் பட்டியலிலிருந்து காணாமல் போகிறது. இது எவ்வளவு கனமான விஷயம் என்பதை ஜப்பான் பார்த்திருக்கிறது. நீல எல்இடி விளக்கைச் சாத்தியமாக்கிய பொறியாளர்களில் ஒருவரான ஷுஜி நாகமுரா, நிச்சியா நிறுவனத்தில் வேலை பார்த்தபோது 1990-இல் விண்ணப்பித்துக் கிடைத்தது ஜப்பானியக் காப்புரிமை 2628404. கண்டுபிடித்தவர் அவர், உரிமை நிறுவனத்துடையது. தனக்குரிய பங்கு கேட்டு அவர் வழக்குத் தொடுக்க, டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2004-இல் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு சுமார் 84 கோடி யென்னில் சமரசம் ஆனது. 2014-இல் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. ஆவணத்தின் ஒரு பக்கத்தில் இரண்டு வரிகளாக இருக்கும் 72-ம் 73-ம் அத்தனை தூரம் விலகி நின்றவை.

நிறுவனப் பெயரைப் போட்டே ஆக வேண்டிய இடங்களில் மென்பொருள் அதையும் ஆள் பெயராக நினைத்து முன்பின்னாக மாற்றிவிடும். எண்ட்நோட்டில் பெயரின் கடைசியில் ஒரு காற்புள்ளி வைத்தால் மாற்றாது. பிப்டெக்கில் இரட்டை நெளிவு அடைப்புக்குறி. ஜோட்டேரோவில் பெயர்ப் பெட்டியை ஒற்றைப் பெட்டியாக மாற்றும் பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தான் தமிழர்களுக்கு இன்னொரு வகையிலும் உதவும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். ‘எஸ். முருகன்’ என்பவர் ஒரு காப்புரிமையில் முருகன் ஆகவும், அடுத்ததில் அவருடைய அப்பா சுப்பிரமணியன் ஆகவும் பட்டியலில் ஏறுவது சாதாரணமாக நடக்கிறது. ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுவது, ஒருவருடைய எல்லா ஆவணங்களுக்கும் ஒரே வடிவத்தைக் கடைப்பிடிப்பது, இவ்விரண்டும் இருந்தால் பாதி குழப்பம் தீரும். ஜகதீஷ் சந்திர போஸ் 1904-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமை 755,840-இல் அவருடைய பெயர் ‘ஜகதிஸ் சந்தர் போஸ்’ என்று உச்சரிக்கும்படியான அந்தக் கால எழுத்துக்கூட்டலில்தான் இருக்கிறது. இன்றைய எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடுபவருக்கு அது அகப்படாமல் போகலாம்.

ஒரே கண்டுபிடிப்புக்கு அமெரிக்காவில் ஓர் ஆவணம், ஐரோப்பாவில் ஓர் ஆவணம், இந்தியாவில் ஒன்று என்று ஒரு குடும்பமே இருக்கும். தலைப்பும் படங்களும் ஒன்றுபோலவே இருப்பதால் எதைப் போட்டாலும் சரிதானே என்று தோன்றும். சரியல்ல. உரிமைக் கோரல்கள் நாட்டுக்கு நாடு, விண்ணப்பத்துக்கும் வழங்கலுக்கும் இடையிலும் மாறியிருக்கும். எந்த ஆவணத்தைப் படித்தீர்களோ அதையே மேற்கோள் காட்டுங்கள். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு, கௌரவமாக இருக்கும் என்று வழங்கப்பட்ட ஆவணத்தின் எண்ணைப் போட்டால், நீங்கள் சொன்ன பத்தி அதில் அதே வடிவில் இல்லாமலே போகலாம்.

இனி பட்டியல் அச்சாகும் கட்டம். ஜோட்டேரோவில் ஆண்டாக எடுத்துக்கொள்ளப்படுவது ‘இஷ்யூ டேட்’. அதைக் காலியாக விட்டு, விண்ணப்பித்த நாளை மட்டும் நிரப்பியிருந்தால் ஏபிஏ பட்டியலில் ‘தேதி இல்லை’ என்று வரும். கூகுள் பேடன்ட்ஸிலிருந்து எடுத்த எண் ‘யுஎஸ்’ என்ற எழுத்துகளோடு வந்து உட்காரும். நாடு என்ற இடத்திலும் அமெரிக்கா இருக்கும். ஏபிஏ இரண்டையும் அச்சிட, நாடு இருமுறை வந்துவிடும். ஏபிஏவின் ஏழாம் பதிப்பு கேட்பது இதுதான்: கண்டுபிடித்தவர், வழங்கிய ஆண்டு, தலைப்பு, அடைப்புக்குறிக்குள் ‘யு.எஸ். பேடன்ட் நம்பர் 6,285,999’, பிறகு அலுவலகத்தின் பெயர். ஐஇஇஇ பாணியில் ஆண்டு போதாது, வழங்கிய நாளே வேண்டும். எண்ணில் காற்புள்ளிக்குப் பதில் இடைவெளி. வால் எழுத்துகளை இரண்டு பாணிகளுமே கட்டாயம் கேட்பதில்லை. அதற்காக உங்கள் சேமிப்பிலிருந்தே அவற்றை நீக்கிவிடாதீர்கள். முழு எண்ணை மென்பொருளில் வைத்துக்கொண்டு, அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் பாணிக்கு ஏற்பத் திருத்துவதுதான் சரியான முறை. அந்தத் திருத்தத்தையும் எல்லாம் முடிந்த பிறகு, கடைசியில் செய்ய வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்கும்போது பழையபடியே மாற்றிவிடும்.

ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பேஸ்நெட், வைப்போவின் பேடன்ட்ஸ்கோப், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய மூன்றும் இலவசமாகவே தேடக் கிடைக்கின்றன. ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு முந்தின நாள், உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பேடன்ட் எண்ணையும், காற்புள்ளி இல்லாமல், அவற்றில் ஒன்றில் தட்டிப் பாருங்கள். வேறு ஏதாவது ஆவணம் வந்து நின்றால், எண்ணிலோ நாட்டுக் குறியீட்டிலோ பிழை இருக்கிறது. நெறியாளர் கையில் போவதற்குள் திருத்திவிடுங்கள்.